மெதுவாப் பேசுங்க, அவருக்கு ஹார்ட்டு

நானும் அதைத்தான் தம்பி சொல்றேன்! இதெல்லாம் ஒரு லிஃப்டா? ஏறினமா இறங்கினமான்னு இல்லாம, மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல இப்படி அந்தரத்துல நின்னா என்ன அர்த்தம்? ம்? பாத்துக்கறவன்னு ஒருத்தன் இருப்பான்ல, அவனைக் கேக்கணும். நிக்க வச்சுக் கேக்கணும். சோறுதான் திங்கறியா, இல்ல வேற எதாவதான்னு... சும்மா நாகரிகம் பாக்காதீங்க தம்பி. நீங்க புதுசா அஞ்சாவது மாடிக்கு வந்தவர்தானே? வாடகை குடுக்கறீங்கல்ல? அப்போ கேக்க உரிமை இருக்கு.

இந்த லிஃப்டைப் பாத்துக்கற மெக்கானிக் யாரு தெரியுமா? நான்தான்! ஆமா, நானேதான். நாலாவது மாடியிலயே குடியிருக்கேன். ம்... இப்போ திட்டுங்க.

என்ன தம்பி, வாயைத் திறந்துட்டு மூடிட்டீங்க? ‘உங்களுக்கெல்லாம்...’னு ஆரம்பிச்சீங்களே. நல்ல ஆரம்பம்! அப்படியே மேல போங்க. ‘உங்களுக்கெல்லாம் யாருய்யா சம்பளம் குடுக்கறா’ன்னு போங்க... என்ன பாக்கறீங்க? இதுவா? தலைகாணி. தலைகாணியைப் பாத்துட்டா நிறுத்தினீங்க? அது ஒண்ணுமில்லைங்க. இருமல் வந்தா, சிரிப்பு வந்தா, நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கணும். உள்ள எலும்பை ரம்பத்தால அறுத்து, கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க, பைபாஸ்...

ஐயையோ. சொல்லிட்டேன். சொல்லிட்டேன் பாத்தீங்களா! அந்த டாக்டர் என் நெஞ்சைத் தைச்சதோட நிறுத்தினாரே, வாயையும் சேத்துத் தைச்சிருக்கக் கூடாதா?

பாருங்க, உங்க மூஞ்சியே மாறிடுச்சு. ‘பரவால்ல சார், ஒண்ணும் அவசரமில்ல’யா? கையில ஐஸ்கிரீம் டப்பா, மேல உங்க பொண்ணுக்குப் பொறந்த நாள், இதுல அவசரமில்லையாம்! விசிறாதீங்க. விசிறாதீங்கன்னா! எனக்கு ஒண்ணும் வேர்க்கல. அந்தத் தண்ணி பாட்டிலையும் உள்ள வைங்க. அட, உக்கார வேண்டாம்ங்க, நான் இந்த பட்டன் பலகைக்குக் கீழ தலைகாணியை வச்சு இப்படிச் சாஞ்சே நிக்கறேன். எனக்கு இதுதான் வசதி. நகரச் சொல்லாதீங்க.

போச்சு. எல்லாம் போச்சு. புது ஆளு, நம்ம கதை தெரியாது, ஒரு நாலு வார்த்தை நறுக்குன்னு திட்டுவார்னு எவ்வளவு ஆசையா ஏறினேன் தெரியுமா?

சிரிக்காதீங்க. ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு ஒரு திட்டாவது வேணும் தம்பி. நான் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த புதுசுல ஒரு தடவை வாங்கினதோட சரி, அப்புறம் ஒருத்தர், ஒரே ஒருத்தர் என்னைத் திட்டல. நான் சொன்னதை இல்லைன்னு சொல்லல. நேத்து வேணும்னே சொன்னேன், ‘இந்தச் சுவரு பச்சையா இருக்கு’ன்னு. வெள்ளைச் சுவரு! என் பொண்டாட்டி பாத்தா. என் பொண்ணு பாத்தா. மாப்பிள்ளை கிட்டப் போய்த் தடவிப் பாத்துட்டு, ‘லேசாப் பச்சைதான் மாமா’ங்கறார். இந்த வீட்ல நான் எப்படிங்க இருக்கறது?

வேணாம், அந்தச் சிவப்புப் பட்டன் பக்கம் கை போகவே வேணாம். அபாய போனுன்னு எழுதியிருக்கா? எழுதியிருக்கும். நான்தானே ஒட்டினேன். அதை மட்டும் அமுக்காதீங்க. ஏன்னு சொல்றேன், எல்லாத்தையும் வரிசையாச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

முதல்ல பேப்பரை எடுத்துக்கோங்க. காலையில பேப்பர் வரும்ல? என் பொண்ணு கத்திரிக்கோலோட உக்காந்துடுவா. விபத்து, வெட்டு. தீ, வெட்டு. விலைவாசி, வெட்டு. எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு ஜன்னல் ஜன்னலாக் குடுப்பா. அதை விரிச்சுப் பிடிச்சா எதிர்ல இருக்கறவன் மூஞ்சி தெரியுது. மிச்சம் இருக்கறது மெத்தை விளம்பரமும் வானிலையும். அதுலயும் எங்கயாவது புயல்னா அன்னிக்கு வானிலையும் கிடையாது.

டிவியில மேட்ச் பாக்கலாம்னு உக்காந்தா, நம்ம அணி ஜெயிச்சுக்கிட்டே இருக்கு. ஜெயிச்சுக்கிட்டே இருக்குன்னா, தோக்கவே மாட்டேங்குது! எனக்கும் ஒரே பெருமை. அப்புறம் ஒரு நாள் பாக்கறேன், பந்து போடறவன் மூணு வருஷத்துக்கு முன்னாடி ரிட்டயர் ஆனவன். என்னடா இதுன்னு கேட்டா, எல்லாம் பழைய மேட்சு. ஜெயிச்சதாத் தேடிப் பிடிச்சு மாப்பிள்ளை போட்டுக்கிட்டிருக்கார். ‘மாமாவுக்குப் படபடப்பு கூடாது’. முடிவு தெரிஞ்ச மேட்சும் உப்பில்லாத சோறும் ஒண்ணுதானே? சோத்துலயும் உப்பில்ல, அது வேற விஷயம்.

நெட்டையன்னு என்கூட வேலை பாக்கறவன். லிஃப்ட் கூண்டுக்கு மேல ஏறி நின்னா நான் கீழேர்ந்து விளக்குப் பிடிப்பேன், நான் ஏறினா அவன் பிடிப்பான். இருபது வருஷ சிநேகம். கேரம் ஆடினா என்னைத் துவைச்சுத் தொங்கப் போட்டுட்டுத்தான் எழுந்திரிப்பான். ‘உனக்கு எதுக்குடா கேரம், போய்ப் பாப்பாவோட பல்லாங்குழி ஆடு’ம்பான். அவன் போன வாரம் வந்து ஆடறான்... சிவப்புக் காயைக் கையால எடுத்து என் பக்கத்துக் குழிக்கிட்ட வைக்கறான் தம்பி! ‘என்னடா இது’ன்னா, ‘தானா உருண்டுச்சு’ங்கறான். கேரம் காய் தானா எங்கடா உருளும்? ‘நல்ல ஷாட்டு’ன்னு கை வேற தட்டறான். அவன் போனப்புறம் பலகையைக் கட்டில் அடியில தள்ளிட்டேன்.

ஐஸ்கிரீம் சொட்டுது பாருங்க. ஷூ மேல. இப்படிக் குடுங்க, நான் நிமித்திப் பிடிச்சுக்கறேன். மூடி லூசா இருக்கு... சரி விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், டாக்டர். டாக்டர் நல்ல மனுஷன், குத்தம் சொல்லக் கூடாது. கடைசியாப் போனப்போ என்ன கேட்டார் தெரியுமா? நெஞ்சு எப்படி இருக்குன்னு கேக்கல. ‘வாழ்க்கை எப்படி இருக்கு?’ன்னு கேட்டார். நான் அப்படியே ஆடிப் போயிட்டேன். ஆபரேஷன் பண்ணினவங்க எல்லாரையும் அவங்க இப்படிக் கேப்பாங்களாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, சந்தோஷமா இருக்கீங்களா, பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு மார்க் போடுங்கன்னார். நான் மோட்டு வளையைப் பாத்து யோசிக்கறேன். ஒண்ணா, ஒண்ணரையா... அதுக்குள்ள என் பொண்டாட்டி ‘ஒன்பது’ன்னுட்டா! அவ ஸ்கூல்ல விளையாட்டு டீச்சர். ஓடி முதல்ல வந்த பிள்ளைக்கே ஏழுக்கு மேல மார்க் போடாதவ. எனக்கு ஒன்பதாம்!

அந்த டாக்டர்தான் சொன்னார், இனிமே லிஃப்டுல போகாதீங்க, படியேறுங்கன்னு. யார்கிட்ட? என்கிட்ட! லிஃப்டை நம்பிப் பொண்ணைக் கட்டிக் குடுத்தவன்கிட்ட! ரெண்டு மாடி மூச்சு வாங்காம ஏறிட்டா அப்புறம் எல்லாம் பண்ணலாம்னார். எல்லாமும்னா... உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, புரியும். நான் அன்னிக்கே ரெண்டு மாடி ஏறினேன் தம்பி. மூணாவதும் ஏறினேன். அவ பின்னாடியே ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வர்றா. ஒவ்வொரு திருப்பத்துலயும் ‘டொக்’குனு விரிச்சு வச்சு, ‘உக்காருங்க’. மேல போய்ச் சேந்தப்போ எனக்கு ஒண்ணும் மூச்சு வாங்கல, அவளுக்குத்தான் வாங்குச்சு. அதுக்கப்புறம் எல்லாமாவது, ஒண்ணாவது! மத்தியானம் கண்ணை மூடிப் படுத்தா மூக்குக்குக் கீழ விரலை வச்சுப் பாக்கறா. காத்து வருதான்னு. எனக்குக் கூசி, தும்மி, அப்புறம் தலைகாணிக்கு ஓடி...

அந்த டப்பாவுல ஸ்பூன் இருக்கா? இல்ல, சும்மாக் கேட்டேன். ஓரமெல்லாம் தண்ணியாப் போச்சு. வீணாத்தானே போகுது? மூடியில ஒட்டியிருக்கே, இது உங்க பொண்ணுக்கு எப்படியும் போகாது... ம்... ம்ம். ஸ்ட்ராபெரி. கடவுளே. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.

என் பொண்டாட்டியை நீங்க பாத்திருப்பீங்க. காலையில விசில் மாட்டிக்கிட்டு இறங்குமே ஒரு அம்மா, அவதான். அவ குரலைக் கேட்டிருக்கீங்களா? கேட்டிருக்க மாட்டீங்க, நீங்க இப்போதானே வந்தீங்க. மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் ஷூ லேஸ் கட்டாம நின்னா, இந்தப் பக்கத்துலேர்ந்து கத்துவா, அவனோட சேந்து பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்களும் குனிஞ்சு காலைப் பாப்பாங்க. அப்படிக் குரல். அந்தக் குரல்ல என்னைத் திட்டுவா பாருங்க... காலையில பால் பாக்கெட்டோட ஆரம்பிச்சு, ராத்திரி கதவு தாழ்ப்பாள் வரைக்கும். ஈரத் துண்டைக் கட்டில்ல போட்டா ஒரு திட்டு. ஸ்க்ரூ டிரைவரைச் சட்னி கரண்டியோட போட்டா ஒரு திட்டு. சாதாரண நாள்னா ‘ஏங்க’. கோவம் வந்தா ‘யோவ்’! அந்த ‘யோவ்’ கிளம்பினா மாடிப்படியில போறவன் நின்னு கேட்டுட்டுப் போவான். நானும் சும்மா இருக்கமாட்டேன், பதிலுக்குப் பதில் குடுப்பேன். கடைசியில ரெண்டு பேருக்கும் தொண்டை கட்டி, அவளே வெந்நீர் வச்சு எனக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர். அப்படியே குடிச்சுக்கிட்டே, எதுக்குச் சண்டை போட்டோம்னு மறந்து போய்... விடுங்க.

இப்போ எல்லாத்துக்கும் ‘சரிங்க’. துண்டைக் கட்டில்ல போட்டேன், சரிங்க. அவ தலைகாணி மேலயே போட்டேன், சரிங்க. அந்தம்மா வேற யாரோ மாதிரி நடமாடுது. குரல் பஞ்சாட்டம் ஆயிடுச்சு. எனக்கு ராஜ மரியாதைதான், இல்லைங்கல. ஆனா தம்பி, ஒண்ணு யோசிச்சுப் பாத்தீங்களா? செத்தவனை மட்டும்தான் ஊர்ல யாரும் திட்டமாட்டாங்க. ‘தங்கமான மனுஷன்’ம்பாங்க. நான் உயிரோட உக்காந்திருக்கேன், என்னைத் தங்கம்ங்கறா. என்னை மனசுக்குள்ள ஒரு தடவை வழியனுப்பிட்டா போலருக்கு. அதான் எனக்கு... இந்தக் கம்பியெல்லாம் வலிக்கறதே இல்ல. இதுதான் வலிக்குது.

கண்ணைத் துடைச்சுக்கோங்க. உங்களைத் திட்டச் சொன்னா அழறீங்க!

சரி, ஏன் இப்படி ஆனான்னு கேக்கறீங்க. நியாயமான கேள்வி. அது ஒரு சின்ன வெளையாட்டுலதான் ஆரம்பிச்சுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசு. ஃபேன் ‘கிறீச், கிறீச்’சுனு சத்தம் போடுது. நான் மெக்கானிக் தம்பி. அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்க முடியுமா? ஸ்டூலைப் போட்டு ஏறிட்டேன். தலைகாணி ஒரு கையில, ஸ்பேனர் ஒரு கையில. அவ பாத்துட்டா. கிளம்புச்சு பாருங்க ஒரு ‘யோவ்’! ‘அறுத்துத் தைச்ச உடம்போட ஸ்டூல்ல ஏறி நிக்கறியே, நீ மனுஷனா, இல்ல ஃபேன்ல தொங்கற ஒட்டடையா?’ன்னு ஆரம்பிச்சு மூச்சே விடாம... நியாயம் முழுக்க அவ பக்கம். தோக்கப் போறேன்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு. அப்போதான் இந்தக் கை தானா எழுந்துச்சு. நெஞ்சுக்குப் போச்சு. கண்ணை லேசாச் சொருகினேன். ‘ஆ...’ன்னேன். சின்ன ‘ஆ’தான். பெருசாக்கூட இல்ல.

கப்சிப்! பாதி வார்த்தையில நின்னுட்டா. கழுத்துல விசில் மட்டும் ஆடுது. அவ முகம்... அதை விடுங்க. நான் ஜெயிச்சுட்டேன்ல? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முதல் தடவை ஜெயிச்சிருக்கேன்! எனக்குத் தலைகால் புரியல.

அப்புறம் என்ன, ருசி கண்டுட்டேன். ரிமோட் வேணும், நெஞ்சுல கை. கத்திரிக்காய் வேணாம், நெஞ்சுல கை. மாப்பிள்ளை எதாவது கணக்குப் பேசறாரா, கை. எங்க சூப்பர்வைசர் ஒருத்தர், சிங்கம் மாதிரி கர்ஜிப்பார், அவர் வீட்டுக்கு வந்து ‘எப்போ வேலைக்கு வர்றே’ன்னு கேட்டார். ஒரே ‘ஆ’. ‘நீ வரவே வேணாம்ப்பா, சம்பளம் வீடு தேடி வரும்’னு போயிட்டார். அன்னிக்குச் சாயங்காலம் பார்க்குல நடக்கறப்போ எங்க கூட்டாளிங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சேன். எல்லாம் ஹார்ட்டுக்காரங்கதான். அங்க உங்களுக்கு எத்தனை அடைப்புங்கறதை வச்சுத்தான் பெஞ்சுல இடம். எனக்கு நாலு, நடுவுல உக்காருவேன். நெஞ்சை அறுக்காம வெறும் ஸ்டென்ட் மட்டும் வச்ச ஒருத்தர் இருக்கார், பாவம், ஓரத்துல தொத்திக்கிட்டிருப்பார். அவர்தான் சொன்னார், ‘நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். இப்போ எங்க வீட்ல நாய்கூட என்னைப் பாத்துக் குலைக்க மாட்டேங்குது’ன்னு. அப்போ சிரிச்சேன் தம்பி. இப்போ சிரிப்பு வரல.

நடிப்புன்னு சொல்லியிருக்கலாமேன்னா? சொன்னேனே! ‘சும்மா நடிச்சேன்டி, வேணும்னா இப்போ தோப்புக்கரணம் போடட்டுமா’ன்னு கேட்டேன். நம்பணுமே! ‘நான் பயப்படக் கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க’ன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, தோப்புக்கரணம் போடறதுக்கு முன்னாடி மாத்திரையைக் குடுத்துட்டா.

இந்த ஐஸ்கிரீம் நடுவுல கொஞ்சம் கெட்டியா இருக்கு, பாத்தீங்களா? இதை விட்டா இதுவும் கரைஞ்சுடும். உங்க பொண்ணு தண்ணியைக் குடிச்சா சளி பிடிக்கும். நான் அவ நல்லதுக்குத்தான்... ம்ம்...

இப்போ அந்தச் சிவப்புப் பட்டனுக்கு வர்றேன். வேலைக்கு வரவே வேணாம்னுட்டாரா, சும்மா உக்காந்து எப்படிச் சம்பளம் வாங்கறது? எதாவது குடுங்கன்னேன். அபாய போனைக் குடுத்துட்டாங்க. ஊர்ல எங்க கம்பெனி லிஃப்டுல யாரு எங்க மாட்டினாலும் சிவப்புப் பட்டனை அமுக்கினா எங்க வீட்ல மணி அடிக்கும். நான் எடுத்து, விசாரிச்சு, நெட்டையனை அனுப்பணும். அருமையான வேலை தம்பி! மாட்டிக்கிட்டவன் என்ன பண்ணுவான்? திட்டுவான்! குடும்பத்தையே இழுத்துத் திட்டுவான்! நான் எவ்வளவு ஆசையா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன்!

எங்க? எனக்கு முன்னாடி அவ எடுத்துடறா. ‘ஹலோ, மாட்டிக்கிட்டீங்களா? சரி. மெதுவாப் பேசுங்க, அவருக்கு ஹார்ட்டு. அதிர்ச்சியா எதுவும் சொல்லாதீங்க. முதல்ல ஒரு நல்ல செய்தி சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாங்க.’ சொல்லிட்டு என்கிட்டக் குடுப்பா. எதிர்ப் பக்கம் ஒருத்தன், ‘வணக்கம் சார். என் பையன் பாஸ் பண்ணிட்டான் சார். அப்புறம்... இங்க லைட்டு அணைஞ்சுடுச்சு. எட்டு பேர் இருக்கோம். ஒருத்தர் மயங்கிட்டார். ஆனா ரொம்ப நல்லா மயங்கியிருக்கார் சார், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க’ங்கறான்! இன்னொரு அம்மா, இருட்டுல நின்னுக்கிட்டு எனக்குத் தாலாட்டு மாதிரி பேசுது. ‘நாங்க இருப்போம் சார், நீங்க உங்க உடம்பைப் பாத்துக்கோங்க.’ மாட்டினவன் நிம்மதியாத் திட்டக்கூட முடியாத ஊரா இது?

அதனாலதான் சொல்றேன், அதை அமுக்கினா அவதான்... அட! அமுக்கிட்டீங்களா! இவ்வளவு நேரம் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ‘ஒரு மாடி மேலதானே இருக்காங்க, வந்து உதவுவாங்க’ளா? வருவா, வருவா. நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வருவா.

எடுத்துட்டா. கேளுங்க, குரலைக் கேளுங்க. ‘மாட்டிக்கிட்டீங்களா? மெதுவாப் பேசுங்க, அவருக்கு’... வார்த்தை மாறல பாருங்க. சொல்லுங்க தம்பி, முதல்ல நல்ல செய்தி. பொண்ணுக்குப் பொறந்த நாள்னு சொல்லுங்க. ம்... வாழ்த்து சொல்றா. இப்போ மெதுவா விஷயத்துக்கு... என் பேரை இழுக்காதீங்க, நான் கீழ தபால் பெட்டியைப் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்... சொல்லிட்டார். ‘உங்க வீட்டுக்காரரும் இங்கதான் இருக்கார்’னு சொல்லிட்டார்.

ஆங், நான்தான். இருக்கேன். ஒண்ணுமில்ல. பாத்தீங்களா தம்பி? நான் லிஃப்டுல மாட்டிக்கிட்டேன், ஒரு வார்த்தை கடுமையா வருதா? ‘ஏங்க, பயப்படாதீங்க. நல்லா மூச்சை இழுத்து விடுங்க. லிஃப்டு தானா வரும்’ங்கறா! தானா வருமாம்! ஒரு லிஃப்ட் மெக்கானிக்கோட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ பேசற பேச்சா இது? என்னடி? தலைகாணியா? இருக்கு. ஏன், இப்போ எதுக்கு? சரி சரி, கட்டிப் பிடிச்சுக்கறேன். இந்தா, நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சுட்டேன். போதுமா?

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க, என் முதுகுக்குப் பின்னாடி?

ஓ. அதுவா. அது ஒண்ணுமில்ல... பட்டன் பலகைக்குக் கீழ ஒரு சின்னக் கதவு. எல்லா லிஃப்டுலயும் இருக்கும். திறந்துதான் இருக்கு, ஆமா. சாவி தொங்குது. என் சாவிதான். உள்ள ஒரு சுவிட்ச். நாங்க ரிப்பேர் பாக்கறப்போ லிஃப்டை நிறுத்தி வைக்கறதுக்கு... ஆமாங்க. நான்தான் நிறுத்தினேன். நீங்க குனிஞ்சு டப்பாவைப் பாத்தீங்க பாருங்க, அப்போ. தலைகாணியை வச்சு மறைச்சுக்கிட்டேன்.

ம். இப்போ திட்டுங்க! இனிமே என்ன தயக்கம்? பொறந்த நாளைக் கெடுத்திருக்கேன். ஐஸ்கிரீம்ல பாதிக்கு மேல தின்னுட்டேன். பொய் சொல்லி நிக்க வச்சிருக்கேன். ஒரு மனுஷன் இதுக்கு மேல என்னங்க பண்ணணும்? உங்களுக்கு ரோஷமே கிடையாதா? என் நெஞ்சைப் பாக்காதீங்க, மூஞ்சியைப் பாத்துத் திட்டுங்க!

எங்க திரும்பறீங்க? அந்தப் பக்கம் என்ன பேச்சு? வேணாம் தம்பி. வேணாம்... ‘அம்மா, லிஃப்டை நிறுத்தினதே இவர்தாங்க. சாவி இவர்கிட்டயே இருக்கு. என் பொண்ணோட ஐஸ்கிரீமையும் வழிச்சுத் தின்னுட்டார்’. அட, சண்டாளா. வரிசையா ஒப்பிச்சுட்டீங்களே.

சத்தத்தையே காணோம். லைன் கட்டாயிடுச்சா? இல்ல, சிவப்பு விளக்கு எரியுது. இருக்கா. மூச்சு விடறது கேக்குது... கேக்குதா உங்களுக்கு? இப்போ ‘சரிங்க’ன்னு சொல்லுவா பாருங்க. எதையும் ‘சரிங்க’ன்னுடுவா. இதையும்...

ஐயோ!

கேட்டீங்களா? கேட்டீங்களா தம்பி! ‘யோவ்’! அந்த ஸ்பீக்கர் டப்பா ஆடுது பாருங்க! ‘யோவ், உனக்கு அறிவு இருக்கா? தபால் பெட்டியா பாக்கப் போனே? புள்ளைங்க திங்கற ஐஸ்கிரீமைப் பிடுங்கித் தின்னுக்கிட்டு அந்தரத்துல தொங்கறியே, நீ’... ஆஹா. ‘நீ’ன்னுட்டா! ‘நெஞ்சை அறுத்தப்போ மூளையையும் எடுத்து ட்ரேயில வச்சுட்டாங்களா, திருப்பி வைக்க மறந்துட்டாங்களா’... இது புதுசு! இதை எங்கயோ சேத்து வச்சிருந்திருக்கா. இத்தனை நாளும் சேத்து வச்சிருக்கா தம்பி! ஹா... ஹா... ஆ...

இல்ல! இல்லடி! வலியில்ல! சிரிச்சேன்! சிரிச்சேன்டி, தலைகாணி கீழ விழுந்துடுச்சு, அதான் சுருக்குன்னுச்சு. ஒண்ணுமில்ல. ஏன் நிறுத்திட்டே? நிறுத்தாத... ஏங்க தம்பி, நிறுத்திட்டாளே. நீங்க சொல்லுங்க, என் கை எங்க இருக்குன்னு சொல்லுங்க. நெஞ்சுலயா இருக்கு? ரெண்டு கையும் டப்பாவுல இருக்கு! சத்தமாச் சொல்லுங்க!

...பேசமாட்டேங்கறா. மறுபடியும் பஞ்சாயிடப் போறா. வந்த குரல் போயிடப் போகுது. என்ன பண்றது, என்ன பண்றது...

ஏய்! இந்தா! ஆமாடி, நான்தான் நிறுத்தினேன்! என்ன பண்ணுவே? ஐஸ்கிரீமும் தின்னேன்! மிச்சத்தையும் திங்கப் போறேன்! இறங்கி வந்தவுடனே ஸ்டூலைப் போட்டு ஃபேனைக் கழட்டப் போறேன்! ஈரத் துண்டு எங்க இருக்கு தெரியுமா? உன் கைப்பையில இருக்கு! காலையிலயே போட்டேன்! பெரிய விளையாட்டு டீச்சராம்! ஒரு புருஷனை அடக்கத் தெரியல, நூறு பிள்ளைங்களை அடக்கறாளாம்!

...

ஆங்.

வந்துச்சு. ரெண்டாவது ‘யோவ்’. முதல்ல வந்ததை விடப் பெருசு. மூணாவது மாடியில கதவு திறக்கற சத்தம் கேக்குதா? எல்லாரும் வந்து நிப்பாங்க. நிக்கட்டும்.

சுவிட்சையா? போடறேன் தம்பி, போடறேன். உங்க பொண்ணுக்கு நானே போய் வேற ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர்றேன், படியேறியே வர்றேன். இப்போ ஒரு ரெண்டு நிமிஷம்... ஷ்ஷ்... பேசாதீங்க. அவ பேசறா.